பதினாலு பை

நாலு பத்துக்கு ஜீப் கிளம்பிவிட்டது.

மாயக்காள் ஓடையிலிருந்து ஏறி வந்தபோது ரோட்டில் டயர்த் தடம் மட்டும் இருந்தது. டீசல் வாசம் இன்னும் போகவில்லை. மேல் வளைவில் ஹாரன் கேட்டது. "ஏய்" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். சத்தம் ஏலச் செடிகளுக்குள் போய் நின்றுவிட்டது.

அவள் ஓடவில்லை. ஐம்பது வயதில் ஓடிப் பிடிக்கிற வண்டி இல்லை அது.

காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்காமல் வந்தது. அதைக் கழுவத்தான் ஓடைக்குப் போனாள். "பையைக் கொண்டு போ, பின்னாலயே வர்றேன்" என்று பொன்னுமணியிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். பொன்னுமணி பையை வாங்கிக்கொண்டாள். தலையையும் ஆட்டினாள்.

பதினொரு வருடமாக மாயக்காள் இந்த எஸ்டேட்டுக்கு வருகிறாள். காலை ஆறு மணிக்குப் போடியில் ஜீப் ஏறுவாள். போடிமெட்டைத் தாண்டி ஏழே முக்காலுக்கு இங்கே இறங்குவாள். செடியின் தூரில் உட்கார்ந்து, தரையோடு கிடக்கும் சரங்களில் முற்றிய காயை மட்டும் பார்த்துக் கிள்ளி வாளியில் போட வேண்டும். நாலு மணிக்கு எடை. எடை முடிந்ததும் ஜீப்.

டிரைவர் சின்ராசு ஆட்களை எண்ணுவதில்லை. வந்த புதிதில் ஒருநாள் விரலை நீட்டி எண்ணினான். "ஆட்டுக்குட்டியவா ஓட்டிட்டுப் போற? தலையை எண்ணாதப்பா, ஆகாது" என்று பெண்கள் சத்தம் போட்டார்கள். அன்றிலிருந்து பையை எண்ணுகிறான். ஜீப்பின் மேல்கம்பியில் எல்லோரும் சாப்பாட்டுப் பையை மாட்டுவார்கள். இறங்கும்போது எடுத்துக்கொள்வார்கள். பதினாலு பை என்றால் பதினாலு ஆள். பையை விட்டுவிட்டு யாரும் எங்கேயும் போவதில்லை. அதனால் கணக்கு இதுவரை தப்பியதில்லை.

இன்று அவளுடைய பை ஜீப்பில் போய்விட்டது. பைக்குள் தூக்குவாளி, துண்டு, பர்ஸ், போன்.

எடை போட்ட சூப்பர்வைசர் காய் மூட்டைகளோடு ஸ்டோருக்குப் போய்விட்டான். கேட் பூட்டியிருந்தது. மாயக்காள் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து யோசித்தாள். ஜீப் போடிக்குப் போக ஐந்தே முக்கால் ஆகும். நாலு இடத்தில் ஆள் இறங்கும். பொன்னுமணி இறங்குவது மூன்றாவது இடம். மாயக்காள் இறங்குவது கடைசி. எல்லோரும் இறங்கிய பிறகு கம்பியில் ஒரு பை தொங்கும். சின்ராசு பார்ப்பான். பார்த்தால் தெரிந்துவிடும். உடனே திரும்பினால் எட்டு மணிக்குள் இங்கே வந்துவிடலாம்.

அதற்கு முன்பே தெரிந்துவிடும். பொன்னுமணிக்குத் தெரியாமல் இருக்காது.

செப்டம்பர் மாதம். சாரல் விட்டிருந்தது. பனி ஓடைப் பக்கமிருந்து ஏற ஆரம்பித்தது. அவள் எழுந்து நடந்தாள்.

ஒரு வளைவு தள்ளி டென்ட் கேம்ப் இருந்தது. போன மாதம் வந்தது. எஸ்டேட்காரர் ஓடைக்கரையில் செடி பிடிக்காத மேட்டை வாடகைக்கு விட்டிருந்தார். ஆறு டென்ட், ஒரு தகரக் கொட்டகை, ரோட்டைப் பார்த்து ஒரு லைட். ரோட்டில் வெளிச்சம் உள்ள ஒரே இடம் அதுதான். அங்கே நின்றால் வருகிற வண்டிக்கு ஆள் தெரியும்.

கேம்ப்பைப் பார்த்துக்கொள்ளும் சுடலை ஒரு டென்டை உதறிக்கொண்டிருந்தான். நாற்பது வயது. தலையில் குல்லா, கழுத்தில் மப்ளர், அதற்கு மேல் ஒரு துண்டு. தினமும் காலையில் ஜீப்பிலிருந்து இறங்கும் பெண்களுக்கு அவனைத் தெரியும். அவனுக்கும் அவர்களைத் தெரியும். பெயர்கள் தெரியாது.

"என்னக்கா, வண்டிய விட்டுட்டியளா?"

"நான் எங்க விட்டேன். வண்டிதான் என்னைய விட்டுருச்சு."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

"போன் போடுங்க. இந்தா." பாக்கெட்டிலிருந்து எடுத்து நீட்டினான்.

"நம்பர் தெரியாதுப்பா."

அது பொய். ஜீப்பின் பின்கதவில் சின்ராசுவின் நம்பர் மஞ்சள் பெயின்டில் சாண் உயரத்துக்கு எழுதியிருந்தது. பதினொரு வருடமாக அதைப் பார்த்துத்தான் ஏறுகிறாள். கண்ணை மூடினாலும் பத்து எண்ணும் வரிசையாக வரும்.

கூப்பிட்டால் வருவார்கள். அது அவளுக்குத் தெரியும். கூப்பிடாமல் வருவார்களா என்பது தெரியாது. இதுவரை தெரிந்துகொள்ள ஒரு சந்தர்ப்பம் வந்ததில்லை.

"ஆறரைக்கு மூணாறுலேந்து போடி பஸ்சு வரும்" என்றான் சுடலை. "ஏத்தி விடுதேன். துட்டு நான் தாரேன்."

"வேணாம்பா. நான் பஸ்சுல போயிட்டா, தேடி வர்றவுக இங்கன கெடந்து அலைவாக."

"அதுவுஞ் சரிதான்." டென்டை மறுபடி உதறினான். "ஆனா இருட்டுனதும் ரோட்டுல நிக்கப்படாது. முந்தாநேத்து ஆனை நின்னுச்சு, அந்தா அந்தப் பாலத்துக்கிட்ட. இங்ஙன லைட்டுக்குக் கீழ உக்காருங்க."

டென்டின் மடிப்பிலிருந்து மணல் கொட்டியது. வெள்ளை மணல். மாயக்காள் குனிந்து தொட்டுப் பார்த்தாள். இந்த மலையில் அப்படி மணல் கிடையாது.

"இது பூராம் கடக்கரை டென்டுக்கா. எங்க ஊருப் பக்கம் ஓனருக்கு இன்னொரு கேம்பு இருக்கு. அங்ஙன இப்பம் காத்துக் காலம். டென்டு அடிச்சா பறந்துரும். லாரில ஏத்தி இங்க அனுப்பிட்டாரு. என்னையுஞ் சேத்து."

"குளுருதா?"

"பல்லு தனியா ஆடுது. எங்கூருல இந்நேரம் சட்டை இல்லாம மணல்ல கெடப்பேன். இந்த டென்டும் அந்தச் சூட்டுக்குத் தச்சது. நாலு பக்கமும் வலை. ராத்திரி பனி நேரா உள்ள வரும். வாரவங்க என்னைய ஏசிட்டுப் போறாங்க."

அன்று புதன்கிழமை. ஆறு டென்டில் ஐந்து காலி. கொட்டகைக்குப் பின்னால் ஒரு வெள்ளை வேன் நின்றது. கூரையில் சோலார் தகடு. ஜன்னலில் பூப்போட்ட திரை. கதவின் அடிப்பக்கம் துரு ஏறியிருந்தது.

"அது என்ன, ஆம்புலன்சா?" என்று கேட்டாள் மாயக்காள்.

"முன்னாடி ஆம்புலன்ஸ்தான்" என்று வேனுக்குள்ளிருந்து குரல் வந்தது. "இப்ப என் வீடு."

கதவு திறந்து ஒரு பெண் இறங்கினாள். முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். நாற்பது இருக்கும். பெயர் ரோஜா என்றாள். ராமேஸ்வரத்திலிருந்து கடற்கரையை ஒட்டியே வேனை ஓட்டிக்கொண்டு வந்தவள். சுடலையின் கேம்ப்பில் ஒரு வாரம் இருந்தாளாம். காற்று தாங்காமல் டென்டுகளை மலைக்கு ஏற்றியபோது அவளும் லாரிக்குப் பின்னாலேயே ஏறி வந்துவிட்டாள். கம்ப்யூட்டரில் ஏதோ வேலை. சிக்னல் கிடைக்கிற இடத்தில் நிறுத்திச் செய்துகொள்வாளாம்.

மாயக்காள் வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, இரண்டு தட்டு. தன்னுடைய அறையும் இவ்வளவுதான் என்று நினைத்தாள். அறைக்கு டயர் இல்லை.

"ஒத்தையிலயா?"

"ஒத்தையிலதான்."

"பயமா இல்லையா?"

"டயர் பஞ்சராகும்போது மட்டும் இருக்கும்" என்றாள் ரோஜா.

சுடலை பால் விடாமல் கட்டன் சாயா போட்டுக் கொண்டுவந்தான். மூவரும் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்தார்கள். ஐந்தே முக்கால் ஆனது. மாயக்காள் சுடலையின் வாட்சைப் பார்த்தாள். இப்போது பைகளை எடுப்பார்கள். முதல் நிறுத்தம். இரண்டாவது நிறுத்தம். பொன்னுமணி கையை நீட்டித் தன் பையை எடுப்பாள். பக்கத்தில் இருக்கும் பையையும் பார்ப்பாள். அதைக் கம்பியில் மாட்டியதே அவள்தான்.

ஆறு. ஆறேகால்.

பஸ் வந்து போனது. சுடலை அவளைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டவில்லை.

போடிமெட்டுப் பக்கமிருந்து வண்டிகள் வந்தன. பனிக்குள் முதலில் வெளிச்சம் தெரியும். பிறகு சத்தம். ஜீப்பா காரா என்று சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றாள். ஒரு பால் வண்டி. ஒரு லாரி. வேறு எஸ்டேட் ஜீப், காலியாக. கல்யாண ஸ்டிக்கர் ஒட்டிய கார்.

ஏழு மணிக்கு ஒரு ஜீப் வேகத்தைக் குறைத்தது. மாயக்காள் ரோட்டுக்கே போய்விட்டாள். ஜீப் அவள் பக்கத்தில் நின்றது. கண்ணாடி இறங்கியது. உள்ளே குல்லா போட்ட ஒரு பெண், மடியில் குழந்தை.

"அக்கா, இங்க பாத்ரூம் இருக்கா?"

மாயக்காள் கொட்டகைப் பக்கம் கை காட்டினாள். அவர்கள் இறங்கிப் போய்விட்டு வந்தார்கள். குழந்தை அவளுக்கு டாட்டா காட்டியது. ஜீப் போனது.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது ரோஜா ஒரு ஸ்வெட்டரை எடுத்து அவள் தோளில் போட்டாள். அதிலும் மணல் இருந்தது.

"வீட்ல யாரு இருக்காங்க?"

"போடியில வாடகை ரூமு. வீட்டுக்காரர் எறந்து ஒம்பது வருசம் ஆச்சு. மகன் முனீஸ்வரன் திருப்பூருல பனியன் கம்பெனியில இருக்கான். ஞாயித்துக்கெழமை பேசுவான். தங்கச்சி ரெண்டு தெரு தள்ளி." கொஞ்சம் யோசித்து, "பக்கத்து ரூமுல கருத்தம்மான்னு ஒருத்தி. செவத்துக்கு அந்தப்பக்கம் தும்முனா எனக்குக் கேக்கும்" என்றாள்.

"அப்ப அவங்க தேடிடுவாங்க."

"ஆமா."

எட்டு மணிக்குச் சுடலை சோறு போட்டான். ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாட்டைச் சுட்டு, மிளகாயோடு இடித்திருந்தான். மாயக்காளுக்குப் பசித்தது. பசித்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"உங்களை யாரும் தேட மாட்டாகளாம்மா?" என்று ரோஜாவைக் கேட்டாள். "இப்படி ஊரு ஊராப் போனா?"

"காலைல எந்திரிச்சதும் அக்காவுக்கு ஒரு மெசேஜ் போடுவேன். உயிரோட இருக்கேன்னு. அவ்வளவுதான்."

"ஒருநாள் போடலைன்னா?"

"பத்து மணிக்குப் போன் வரும். எடுக்கலைன்னா பத்தரைக்குப் போலீஸ்ல நிப்பா. ஒரு தடவை நிஜமாவே நின்னுட்டா. நான் சிக்னல் இல்லாத இடத்துல தூங்கிட்டிருந்தேன். எஸ்.ஐ. வந்து வேனைத் தட்டுறாரு." ரோஜா வாயில் சோற்றோடு சிரித்தாள். "மானம் போச்சு. பெரிய தொல்லை அவ."

சுடலையும் சிரித்தான். "எங்கம்மை அதுக்கும் மேல. மதியம் என்ன குழம்புன்னு போன் போட்டுக் கேப்பா. கேட்டுட்டு, அது ஒடம்புக்குச் சூடுன்னு ஏசுவா."

மாயக்காள் கருவாட்டு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். இன்னொன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

தட்டைக் கழுவிவிட்டு வந்து, "தம்பி, அந்தப் போனைக் கொண்டா" என்றாள்.

"நம்பர் ஞாபகம் வந்துருச்சா?"

"என் நம்பரு தெரியும்."

சின்ராசுவின் நம்பரை அவள் அப்போதும் போடவில்லை. தன்னுடைய நம்பரைப் போட்டாள். கொட்டகைக்குப் பின்னால், சிக்னல் வருகிற மேட்டில் ஏறி நின்றாள். மணி அடித்தது. தன் போன் மணி எப்படி அடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். எங்கே அடிக்கிறது என்று தெரியவில்லை. ஏழெட்டு தடவை அடித்த பிறகு யாரோ எடுத்தார்கள்.

"யாரு?"

சின்ராசு. பின்னால் டிவி ஓடியது.

"இந்தப் போனு யாரோடதுங்க?" என்று கேட்டாள்.

"அதான் தெரியலம்மா. வண்டியில ஒரு பை கெடந்துச்சு, வீட்டுக்கு எடுத்தாந்தேன், அதுக்குள்ள இருக்கு. எஸ்டேட்டு ஆளு யாரோ விட்டுட்டுப் போயிருக்காளுக. நீங்க அவுகளுக்குச் சொந்தமா?"

"ஆமா."

"அப்பச் சொல்லிருங்க. பை பத்திரமா இருக்கு. காலைல ஏறுறப்ப எடுத்துக்கிறட்டும்."

"எந்த ஆளுன்னு தெரியலையா?"

"அட, அதத்தானம்மா சொல்றேன். பச்ச வயர் பை. பதினாலு பேருல பாதிப் பேரு பச்ச வயர் பைதான் வச்சிருக்காளுக."

"எல்லாரும் எறங்கிட்டாங்களா?"

"எறங்காம? வண்டிய ஷெட்டுல போட்டுட்டுச் சோறே தின்னுட்டேன்."

டிவியில் விளம்பரம் ஓடுவது கேட்டது.

"வச்சிரட்டாம்மா?"

"சரிங்க" என்றாள்.

பதினொரு வருடமாக அவன் வண்டியில் ஏறுகிறாள். "வெரசா வா தம்பி", "மெதுவாப் போ தம்பி", "பாட்டைக் குறைடா" என்று தினமும் ஏதாவது சொல்லியிருக்கிறாள். அந்தக் குரலை அவன் போனில் கேட்டான். கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

மேட்டில் கொஞ்ச நேரம் நின்றாள். பேசினால் போதும். "சின்ராசு, நான்தான்டா, மாயக்கா." அவன் பதறிப்போய் வருவான். அவள் மறுபடி நம்பரை அழுத்தவில்லை.

கீழே இறங்கியதும் சுடலை கேட்டான். "ஆள் வாராகளா?"

"தெரிஞ்சுருச்சாம்" என்றாள் மாயக்காள். "எல்லாரும் பதறிப் போயிட்டாளுகளாம். பொன்னுமணின்னு ஒருத்தி, அழுகவே செய்றாளாம். வண்டிதான் டயர் போயி நிக்கிதாம். இந்நேரத்துக்கு எங்க மாத்துறது. காலையில வர்றேன்னுட்டாங்க."

சொல்லிக்கொண்டே ஸ்வெட்டரின் கையை இழுத்து விட்டாள்.

"அப்பாடா" என்றாள் ரோஜா. "நான் கொஞ்சம் பயந்துட்டேன் அக்கா."

"நானும்தான்" என்றாள் மாயக்காள்.

சுடலை இரண்டு கம்பளியைக் கொடுத்து, காலியாக இருந்த டென்டில் கொசுவத்தி வைத்துக் கொடுத்தான். மலையில் கொசு இல்லை. கடற்கரைப் பழக்கம். ஜிப்பை எப்படித் திறப்பது, எப்படி மூடுவது என்று இரண்டு தடவை காட்டினான்.

"உள்ளேருந்து தொறக்க வராட்டி ஒரு சத்தம் குடுங்க. நான் கொட்டகையிலதான் கெடப்பேன்."

அவள் ஜிப்பை மூடினாள். உள்ளே நீலமாக இருந்தது. படுத்ததும் முதுகில் மணல் உறுத்தியது. கையால் தள்ளினாள். தள்ளத் தள்ள மடிப்பிலிருந்து வந்துகொண்டே இருந்தது. வலை வழியாகப் பனி வந்தது.

கருத்தம்மா டிவி பார்த்திருப்பாள். கதவில் பூட்டைக் கண்டால், தங்கச்சி வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்திருப்பாள். தங்கச்சி, ரூமில் இருப்பாள் என்று நினைத்திருப்பாள். பொன்னுமணி சுகர் மாத்திரை போடுகிறவள். ஜீப் ஏறினால் அசந்துவிடுவாள். முனீஸ்வரனுக்கு இன்னும் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. எல்லாக் காரணமும் சரியாக இருந்தது. யார் மேலும் கோபப்பட முடியவில்லை.

நேற்று வேறு யாராவது ஏறாமல் விட்டிருந்தால் தனக்குத் தெரிந்திருக்குமா என்று யோசித்தாள். தன்னைத் தவிர பதின்மூன்று பேர். ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். பொன்னுமணி. பொற்கொடி. பொற்கொடியின் நாத்தனார். சிலமலையிலிருந்து வரும் அக்கா தங்கை இருவர். இருமுகிறவள். வெற்றிலை போடுகிறவள். பன்னிரண்டு வரை வந்தது. விரலை மடக்கி முதலிலிருந்து எண்ணினாள். மறுபடி பன்னிரண்டு. பதின்மூன்றாவது ஆள் யார் என்று தெரியவில்லை.

அதை யோசித்தபடியே தூங்கிப்போனாள்.

விடிந்தபோது ஜிப் திறக்க வந்தது. வெளியே பனி விலகி, எதிர்ச் சரிவில் ஏலச் செடிகள் தெரிந்தன. சுடலை அடுப்புக்குக் கிட்டே குந்தியிருந்தான். ரோஜா வேன் படியில் உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்காவுக்கா?"

"ஆமா. உங்களைப் பத்தியும் சொன்னேன்." போனைப் பார்த்துச் சிரித்தாள். "கேக்குறா, அந்த அம்மாவுக்குப் போர்வை குடுத்தியான்னு."

மாயக்காள் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துக் கொடுத்தாள். ஓடைத் தண்ணீரில் முகம் கழுவினாள். முடியை விரலால் கோதி முடிந்துகொண்டாள். சேலையில் நேற்றைய ரத்தக் கறை அப்படியே இருந்தது. முந்தானையை மாற்றிப் போட்டு மறைக்கலாம். மறைக்கவில்லை. தெரியட்டும் என்று விட்டாள்.

"உங்க ஆளு வந்ததும் நல்லா நாலு ஏச்சு ஏசுங்கக்கா" என்றான் சுடலை.

"ஏசாம விடுவேனா."

ஏழரைக்கே போய் எஸ்டேட் கேட்டுக்கு எதிரே நின்றாள். கல்லில் உட்காரவில்லை. ரோட்டின் நடுவில், வண்டி வளைவு திரும்பியதும் கண்ணில் படுகிற இடத்தில் நின்றாள்.

ஜீப் வந்தது. சின்ராசு ஹாரன் அடித்தான். அவள் விலகினாள். ஜீப் அவளைத் தாண்டி எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றது. பின்கதவு திறந்தது. மஞ்சள் எண்கள் இரண்டாகப் பிரிந்தன.

பெண்கள் இறங்கினார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, கொட்டாவி விட்டுக்கொண்டு. ஒவ்வொருவரும் கம்பியிலிருந்து பையை எடுத்தார்கள். ஆறாவதாக இறங்கியவளைப் பார்த்ததும் மாயக்காளுக்கு விட்டுப்போன பதின்மூன்றாவது ஆள் ஞாபகம் வந்துவிட்டது. ஒல்லியாக, பேசாமல் இருப்பவள். பாண்டியம்மாள். இரண்டு வருடமாக வருகிறாள். பாண்டியம்மாள் அவளைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தாள். மாயக்காளும் சிரித்தாள். பாண்டியம்மாள் போய்விட்டாள்.

எல்லோரும் அவளைக் கடந்து போனார்கள். ஒருத்தி, "குளுருதுல்ல?" என்றாள். இன்னொருத்தி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு செருப்பில் ஒட்டிய சேற்றைக் கல்லில் தேய்த்தாள்.

சின்ராசு முன்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினான். "யத்தா, அந்தப் பச்சப் பை யாருது? நேத்து வண்டியில கெடந்துச்சு, திரும்ப மாட்டி வச்சிருக்கேன். பதினாலு இருக்கான்னு பாத்தா, அதையுஞ் சேத்துத்தான் பதினாலு வருது."

"அது மாயக்கா பைடா" என்று சொல்லிக்கொண்டே பொன்னுமணி கடைசியாக இறங்கினாள். இரண்டு கையிலும் இரண்டு பை. ஒன்றை மாயக்காளின் கையில் திணித்தாள்.

"உங்களுதா?" என்றான் சின்ராசு. "நேத்து ராத்திரி உங்க போனுக்கு ஒரு பொம்பள போட்டுச்சு."

"யாருன்னு கேட்டியாப்பா?"

"கேக்கலையே. சொந்தம்னுச்சு." வண்டியைத் திருப்ப ஆரம்பித்தான்.

பொன்னுமணி முந்தானையைத் தலையில் போட்டுக் கட்டிக்கொண்டே நடந்தாள். மாயக்காள் பக்கத்தில் நடந்தாள். கேட்டுக்குள் சூப்பர்வைசர் வாளிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

"வெரசா வாடி, அவன் மொறைக்கிறான்" என்றாள் பொன்னுமணி. "பைய மறந்துட்டு வீட்டுக்குப் போயிருக்க. சோறு பொங்கச் சட்டி இருந்துச்சா, இல்ல அதுவும் இல்லாம உக்காந்திருந்தியா?"

"நீ நேத்து என்னையத் தேடலையா?"

"உன்னைய எதுக்குத் தேடணும்? எனக்குத்தான் மாத்திரை போட்டா உலகமே தெரியாதே. எறங்குறப்ப 'வர்றேன்டி'ன்னு சொல்லிட்டுத்தான எறங்குனேன். நீதான் ஒண்ணும் சொல்லல."

"சொல்லலையா?"

"உம்முனு வந்த. போடிமெட்டுலருந்தே அப்படித்தான் இருந்த. என்னமோ மனசுல வச்சிருக்கா, நாளைக்குக் கேட்டுக்கிருவோம்னு விட்டுட்டேன்." பொன்னுமணி நின்று அவள் முகத்தைப் பார்த்தாள். அக்கறையாகத்தான் பார்த்தாள். "சொல்லு, என்ன கோவம்?"

மாயக்காள் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நேத்து ஜீப்புல நான் எங்கன உக்காந்திருந்தேன், பொன்னு?"